வளருவான் என்று வாங்காதீர்கள்: ஹொக்கிப் பருவத்தில் இறங்கும் பெற்றோருக்கு

பிள்ளை ஐஸ் ஹொக்கிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, நீங்களும் மனமிரங்கி ஹவுஸ் லீக்கில் பதிந்துவிட்டீர்கள். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஓர் அரீனாவின் வாசலில், சக்கரம் வைத்த பெரிய பையோடு, இந்தக் கிழமை முதல் தடவையாக நிற்கப்போகிறீர்கள். கிரிக்கெற் என்றால் அப்பாவுக்கு அத்துப்படி. பட்மின்ரன் என்றால் மாமாவைக் கேட்கலாம். ஹொக்கிக்கு நம் வீடுகளில் கேட்க ஆளில்லை. மார்ச் மாதம் வரை விடியப்புறமும் இரவுமாக நீங்கள்தான் தனியாக ஓட வேண்டும்.

நான் இரண்டு பிள்ளைகளோடு ரொறன்ரோ அரீனாக்களில் ஒன்பது பருவம் ஓடியவன். நானே சுட்டுக்கொண்டதும் உண்டு, பக்கத்து வாங்கில் இருந்தவர் சுட்டுக்கொண்டதைப் பார்த்ததும் உண்டு. கீழே இருப்பதில் பாதியை இன்றைக்கே செய்யலாம்.

செய்ய வேண்டியவை

ஸ்கேற்றை இந்த வருசக் காலுக்கு வாங்குங்கள். ஹொக்கி ஸ்கேற் பெரும்பாலும் சப்பாத்து அளவைவிட ஒன்று, ஒன்றரை அளவு சிறிதாகத்தான் இருக்கும். கடையிலேயே மெல்லிய சொக்ஸோடு போட்டுப் பாருங்கள். குதியைப் பின்னால் தட்டி இருத்தினால் பெருவிரல் முன்பக்கத்தில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். லேஸ் கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளினால் குதிக்குப் பின்னால் உங்கள் ஒரு விரல் போகலாம். இரண்டு விரல் போனால் பெட்டியை மூடித் திருப்பிக் கொடுங்கள். நான் மூத்தவனுக்கு, வளருகிற பிள்ளைதானே என்று, இரண்டு அளவு கூட்டி வாங்கினேன். தடித்த சொக்ஸ் இரண்டு சோடி போட்டு இறுக்கினோம். முதல் பயிற்சியில் கணுக்கால் இரண்டும் உள்பக்கம் மடிந்து, சுவரைப் பிடித்தபடி வாத்து மாதிரி நடந்தான். மற்றப் பிள்ளைகள் நிற்கப் பழகி, திரும்பப் பழகி, பின்னோக்கிப் போகவும் பழகிவிட்டார்கள். அவனுக்கு அந்தப் பருவத்தில் பாதி, சப்பாத்தோடு மல்லுக்கட்டியதிலேயே போயிற்று.

புது ஸ்கேற்றைச் சாணை பிடித்த பிறகே பனியில் இறக்குங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும் ஸ்கேற் பெரும்பாலும் சாணை பிடிக்காதது. அதோடு பனியில் ஏறும் பிள்ளை எண்ணெய்த் தரையில் நிற்பதுபோல வழுக்கும். ஹோலோ, அதாவது அலகின் அடியில் சாணையால் போடும் குழிவு, எவ்வளவு வேண்டும் என்று கடைக்காரர் கேட்டால் முழிக்காதீர்கள், அரை அங்குலம் என்று தொடங்குங்கள். பிறகு நகத்தை அலகின் விளிம்பில் மெதுவாக வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் சீவுப்படாவிட்டால் அடுத்த சாணைக்கு நேரமாகிவிட்டது.

மற்றதையெல்லாம் பழையதாக வாங்குங்கள், ஹெல்மெற்றைத் தவிர. முழங்கால் கவசம், தோள் கவசம், ஹொக்கிப் பான்ற்ஸ் எல்லாம் ஒரு பருவத்தில் சின்னதாகிவிடும். பிளே இற் அகெய்ன் ஸ்போர்ட்ஸ் போன்ற கடைகளில் நல்ல சாமான் பாதி விலைக்குக் கிடக்கும். ஹெல்மெற் மட்டும் புதிது, ஏனென்றால் முன்பு எத்தனை அடி வாங்கியது என்பதை அது முகத்தில் எழுதி வைத்திருக்காது. ஹெல்மெற்றிலும் முகக் கம்பியிலும் சி.எஸ்.ஏ. ஸ்ரிக்கர் இருக்கிறதா, நெக் கார்டில் பி.என்.கியூ. அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நெக் கார்ட் கழுத்தை அரிக்கிறது என்று பிள்ளை முனகும். விட்டுக்கொடுக்காதீர்கள். 2023 ஒக்ரோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், என்.எச்.எல்.லில் ஆடிய அனுபவமுள்ள 29 வயது அடம் ஜோன்சன், ஆட்ட நடுவில் ஸ்கேற் அலகு கழுத்தை வெட்டி இறந்துபோனார்.

காசு முடையாக இருந்தால் வாய் திறந்து கேளுங்கள். கனேடியன் ரயரின் ஜம்ப்ஸ்ராட், கிட்ஸ்போர்ட், ஹொக்கி கனடா அறக்கட்டளையின் அசிஸ்ற் ஃபண்ட் ஆகியவை பதிவுக் கட்டணத்துக்கு உதவவே இருக்கின்றன. இதுவரை ஹொக்கியில் பதியாத சின்னப் பிள்ளை என்றால் த ஃபர்ஸ்ற் ஷிஃப்ற் திட்டத்தை முதலில் பாருங்கள். தலை முதல் கால் வரை உடுப்பும், ஆறு கிழமைப் பயிற்சியும் ஒரே கட்டணத்தில் வரும். பிடிக்காவிட்டால் உங்களுக்கு நட்டமும் குறைவு. நம்மவர்களில் பலர், கேட்டால் மானம் போய்விடும் என்று கிரெடிட் கார்டைத் தேய்க்கிறார்கள். அந்தக் கார்டுக்கு வட்டி கட்டுவது அடுத்த ஒக்ரோபர் வரை இழுக்கும்.

ஒன்லைன் பாடத்தை இன்றிரவே முடியுங்கள். ரெஸ்பெக்ற் இன் ஸ்போர்ட் பெற்றோர் பாடம் வீட்டில் ஒருவர் செய்தால் போதும், ஒரு மணித்தியாலமளவில் முடியும். கன்கஷன் பற்றிய றோவன் சட்டப் படிவத்தையும் அதே இருக்கையில் வாசித்து ஒப்பமிடுங்கள். இவை இல்லாவிட்டால் பிள்ளையின் பதிவு அந்தரத்தில் தொங்கும்.

பிள்ளையின் பெயரை முதல் நாளே கோச்சுக்குச் சொல்லிக் கொடுங்கள். முதல் பயிற்சியில் வெள்ளை ரேப்பைக் கிழித்து, மார்க்கரால் பெயர் எழுதி, ஒவ்வொரு ஹெல்மெற்றின் முன்னுக்கும் ஒட்டுவார்கள். என் மகள் யாழினியின் ரேப்பில் எழுத்துச் சரியாகத்தான் இருந்தது. கோச் அதை ஜோலீன் என்று வாசித்தார். நான் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தேன். நத்தார் வரை அவள் ஜோலீன். கூப்பிடுவது தன்னைத்தான் என்று விளங்காமல் வாங்கிலிருந்து எழும்பாமல் இரண்டு ஷிஃப்ற்றைத் தவறவிட்டாள். பிறகு அவளே போய்த் திருத்தினாள். கோச் பாவம், நல்ல மனிதர், அன்றே கையில் எழுதி வைத்துக்கொண்டார். ஐந்து நிமிச வேலை, அதை நான் செய்திருக்க வேண்டும். தாராளமாகச் செய்யுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

உடுப்பு ஒழுங்கை வீட்டு ஹோலில் இரண்டு தடவை பழக்குங்கள். உள்காப்பு, முழங்கால் கவசம், நீள சொக்ஸ், பான்ற்ஸ், பிறகு ஸ்கேற். தோள் கவசமும் முழங்கைக் கவசமும் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் அவற்றைப் போட்ட பிள்ளை குனிந்து ஸ்கேற் கட்ட முடியாது. நெக் கார்ட், ஜேர்ஸி, ஹெல்மெற், கடைசியில் கையுறை. உடம்போடு ஒட்டிய உள்ளுடுப்பை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போக வேண்டும், டிரெஸிங் ரூமில் அதற்குக் கீழே களைய விடமாட்டார்கள்.

பையை வந்த இரவே திறந்து காயப்போடுங்கள். காரின் பின்பக்கத்தில் இரவு கிடந்தால் ஈரம் உறையும், காயாது. இரண்டு நாள் மூடிக் கிடந்த ஹொக்கிப் பைக்கு முன்னால் நெத்தலிக் கருவாடு மல்லிகைப் பூ. மணம் மட்டுமென்றால் மூக்கைப் பொத்தலாம், தோலில் அரிப்பும் தொற்றும் வரும். பேஸ்மென்ரில் ஒரு கொடி கட்டுங்கள், மின்விசிறி ஒன்றைத் திருப்பி வையுங்கள். ஸ்கேற் அலகைத் துணியால் துடைத்துத் துணியுறையைப் போடுங்கள். கடின பிளாஸ்ரிக் உறை நடப்பதற்கு மட்டும். அதோடு மூடி வைத்தால் அலகில் துரு ஏறும்.

அட்டவணை வந்த அன்றே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியரோடு கதையுங்கள். ஹவுஸ் லீக்குக்குக் கிடைக்கும் பனி நேரம் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான். எந்தச் சனிக்கிழமைகள் மோதுகின்றன என்று இப்போதே சொன்னால் ரீச்சர் வழி சொல்வார். ஏழு வகுப்பைத் தவறவிட்ட பிறகு தை மாதத்தில் சொன்னால் சொல்லமாட்டார். மிருதங்கத்துக்கும் இதே கதை.

போர்வை கொண்டுபோங்கள். அரீனாவுக்குள் பேரனைப் பார்க்க வந்த அம்மம்மா சேலையோடும் செருப்போடும் அரை மணித்தியாலம்கூட இருக்க முடியாது.

அணியில் ஏதாவது ஒரு வேலையைப் பொறுப்பெடுங்கள். வாங்கின் கதவைத் திறந்து மூடுவதற்கும் ஆள் வேண்டும். அதற்கும் பொலிஸ் சோதனைப் பத்திரம் கேட்பார்கள், அது கைக்கு வர நாளாகும், இன்றைக்கே விண்ணப்பியுங்கள். கதவடியில் நிற்கிற பெற்றோருக்கு, கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியாத பலதும் தெரியும்.

நிறத்தையோ இனத்தையோ சொல்லி யாராவது பிள்ளையைத் திட்டினால் எழுதி வையுங்கள். திகதி, அரீனா, எத்தனையாம் பீரியட், ஜேர்ஸி இலக்கம், சொன்ன சொல், கேட்டவர் யார், நடுவர் என்ன செய்தார். இவ்வளவையும் அன்றிரவே. ஹொக்கி கனடா விதிநூலின் 11ஆம் பகுதி இப்படிப்பட்ட நடத்தைகளுக்கென்றே இருக்கிறது. பாகுபாட்டுச் சொல்லுக்கு ஆட்டத்தை விட்டு வெளியேற்றம் உண்டு. "சின்னப் பிள்ளைகள்தானே, விடுங்கோ" என்று உங்களை ஆறப்போடப் பார்ப்பார்கள். நானும் ஒருமுறை ஆறிவிட்டேன். அடுத்த ஆட்டத்தில் அதே பிள்ளை அதே சொல்லைச் சொன்னது.

செய்யக்கூடாதவை

தலை கலங்கிய பிள்ளையை அன்று திரும்பப் பனியில் இறக்காதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் வைத்திருக்கலாம் என்றால் இதைத்தான் வைப்பேன். கன்கஷனுக்குத் தலையில் நேரடியாக அடிபட வேண்டுமென்றில்லை, உடம்பு பலமாகக் குலுங்கினாலும் வரும். மயங்கி விழவும் வேண்டியதில்லை. தலையிடி, தலைசுற்று, வயிற்றைப் பிரட்டுதல், வெளிச்சம் கண்ணைக் கூசுதல், கேட்ட கேள்விக்கு ஒரு கணம் பிந்திப் பதில் வருதல், காரணமில்லாத எரிச்சல், இதில் ஒன்று தெரிந்தாலே ஆட்டம் முடிந்தது. ஒட்டாவாவில் ரக்பி ஆடிய 17 வயது றோவன் ஸ்ரிங்கர் 2013இல், சில நாள் இடைவெளியில் தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்டு இறந்தார். அவர் பெயரில்தான் 2018இல் ஒன்ராறியோவில் சட்டம் வந்தது. சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். டொக்ரரோ நேர்ஸ் பிரக்ரிஷனரோ எழுத்தில் தராமல் முழுப் பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ திரும்ப முடியாது. அதற்குள்ளும் படிப்படியாகத்தான்: முதலில் பள்ளிக்கூடம், பிறகு ஹொக்கி. தைலம் பூசிப் படுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். தைலம் பூசட்டும், நீங்கள் டொக்ரரிடம் நேரம் எடுங்கள். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, தலையிடி கூடிக்கொண்டே போனாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ, கழுத்து நொந்தாலோ 911. காரில் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள்.

கண்ணாடிக்கு வெளியே நின்று கோச் பண்ணாதீர்கள். ஹெல்மெற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு உங்கள் சொல் விளங்காது, குரல் மட்டும் கேட்கும். அப்பா என்ன சொல்கிறார் என்று தலையைத் திருப்புவான், அந்த நேரத்தில் பக் போய்விடும், அதற்கும் நீங்கள்தான் கத்துவீர்கள். தமிழில் கத்தினால் ஒருவருக்கும் விளங்காது என்றும் நினைக்காதீர்கள். எதிரணிக் கோலியின் அப்பாவும் நம்ம ஊர்க்காரர்தான், உங்களுக்குப் பின்வரிசையில் கோப்பியோடு இருக்கிறார்.

நடுவரைத் திட்டாதீர்கள். ஹவுஸ் லீக்கில் விசில் ஊதுவது பல நேரம் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை. உங்கள் மருமகனாகவும் இருக்கலாம்.

ஆட்டம் முடிந்த சூட்டில் கோச்சுக்கு ஈமெயில் போடாதீர்கள். 24 மணித்தியாலம் பொறுங்கள் என்பது பல அணிகளின் எழுதிய விதி. எழுதியே ஆக வேண்டுமென்றால் எழுதுங்கள், அனுப்பும் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு. வட்ஸ்அப் குழுவில் எழுதவே எழுதாதீர்கள்.

டிரெஸிங் ரூமுக்குள் போனை எடுக்காதீர்கள். முதல் ஜேர்ஸியோடு ஒரு படம் வேண்டுமென்றால் வெளி மண்டபத்தில் எடுங்கள். உள்ளே சோதனை முடித்த பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும் என்ற விதியும், கமராத் தடையும் உங்கள் பிள்ளையைக் காக்கத்தான்.

ஹெல்மெற்றில் வர்ணம் பூசாதீர்கள், கண்ட ஸ்ரிக்கரையும் ஒட்டாதீர்கள். தயாரித்தவர்கள் சொன்னதை மீறினால் சி.எஸ்.ஏ. சான்றுக்கு அர்த்தமில்லாமல் போகும்.

பெரியவரின் ஸ்ரிக்கை வெட்டிக் கொடுக்காதீர்கள். வெட்ட வெட்ட அது விறைக்கும், பிள்ளையின் கைப்பலத்துக்கு வளையாது, சுட்டால் பக் நாலடி போய் நிற்கும். பிள்ளையின் எடை இறாத்தலில் எவ்வளவோ அதில் பாதி ஃபிளெக்ஸ் என்பது கைக்கணக்கு. 60 இறாத்தல் பிள்ளைக்கு 30. ஸ்கேற்றோடு நிற்கும்போது ஸ்ரிக் நாடியடியில் வந்தால் சரி. முன்னூறு டொலர் ஸ்ரிக்கைப் பார்த்து மயங்க வேண்டாம், ஏழு வயதில் அது சுவரில் அடிக்கிற பொல்லு.

"இடிச்சு விழுத்து" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒன்ராறியோ ஹவுஸ் லீக்கில் உடம்பால் மோதி விழுத்துவது தண்டனைக்குரியது. தொலைக்காட்சியில் பார்ப்பது வேறு ஆட்டம்.

"என் காசுக்கு அரை ரிங்கா?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். யு7, யு9 பிள்ளைகளைச் சிறிய பரப்பில் ஆடவிடுவது ஹொக்கி கனடாவின் முடிவு. முழு ரிங்கில் வேகமான ஒரு பிள்ளை பக்கோடு ஓட மற்றவர்கள் பின்னால் ஓடுவார்கள். பாதி ரிங்கில் எல்லோருடைய ஸ்ரிக்கிலும் பக் படும்.

விடியக் காலை ஆட்டத்துக்குப் புட்டும் கறியும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு வாழைப்பழம், ஒரு துண்டுப் பாண், தண்ணீர் போதும். புட்டு வீட்டில் காத்திருக்கட்டும்.

ஒரு நல்ல சனிக்கிழமையைப் பார்த்து ஆளைத் தெரிந்தெடுக்கும் ரெப் அணிக்குக் காசு கட்டாதீர்கள். பிள்ளை மூன்று கோல் போட்ட அன்று பக்கத்து வாங்கில் ஒருவர் வருவார்: "உங்கட மகனுக்கு இது காணாது, ஏப்ரலில் ரை அவுட்டுக்குக் கொண்டுபோங்கோ." 1911இல் தொடங்கிய ரொறன்ரோ வட்டாரச் சிறுவர் லீக்கான ஜி.ரி.எச்.எல்.லில் ஏ, டபிள் ஏ, ட்ரிபிள் ஏ என்று படிகள் உண்டு. மேலே ஏற ஏற கிழமையில் மூன்று நாலு நாள், வெளியூர்ச் சுற்றுப்போட்டி, ஹோட்டல், தனிப் பயிற்சி என்று பல ஆயிரம் டொலர் போகும். பிள்ளை தானாகக் கேட்டு, கோச்சும் ஆமென்று சொல்லி, உங்களிடம் நேரமும் இருந்தால் போங்கள், நல்ல ஆட்டம் பழகலாம். என்.எச்.எல். கனவுக்குக் காசு கட்டுவதானால் இந்தக் கணக்கைப் பாருங்கள்: 1975இல் பிறந்து ஒன்ராறியோவில் ஹொக்கி ஆடிய ஏறக்குறைய 30,000 பிள்ளைகளை ஒருவர் தொடர்ந்து எண்ணினார். என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டமாவது ஆடியவர்கள் அதில் ஐம்பது பேர்கூட இல்லை. பிள்ளை கார்த்திகை, மார்கழியில் பிறந்திருந்தால் இன்னும் பொறுங்கள். பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டு போடப்படுகிறது, தை மாதத்துப் பிள்ளை உங்கள் பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தது. மேல்மட்ட அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே நிறைந்திருப்பதை 1980களிலேயே ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனேடிய உளவியலாளர் காட்டினார். உங்கள் பிள்ளை மெதுவானவன் இல்லை, இளையவன்.

காரில் ஏறியதும் ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். "ஏன் பாஸ் பண்ணேல்லை?" என்று மூத்தவனிடம் நான் கேட்ட ஓர் இரவு, 401இல் ஸ்நோ கொட்டுகிறது, கண்ணாடியில் வைப்பர் அடிக்கிறது, பின்சீற்றில் சத்தமே இல்லை. மார்க்கம் ரோட்டில் இறங்கும்போது கண்ணாடியில் பார்த்தால் அவன் ஹெல்மெற்றைக் கழற்றவேயில்லை. உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தான். பசிக்குதா என்று கேளுங்கள். ஹீற்றரைக் கூட்டுங்கள். கதைக்க இருந்தால் பிள்ளையே தொடங்கும், ரிம் ஹோட்டன்ஸ் வரிசையில் மூன்றாவதாக நிற்கும்போது, உங்களுக்கு வசதியில்லாத நேரத்தில்.

மார்ச்சில் கழற்றிய ஸ்கேற்றை அடுத்த பருவத்துக்கென்று பேஸ்மென்ரில் வைக்காதீர்கள். ஓகஸ்ற்றில் கால் அதற்குள் போகாது. ஏப்ரலிலேயே விற்றுவிடுங்கள், அல்லது அணியில் தம்பி தங்கை இருக்கிற வீட்டுக்குக் கொடுங்கள். மூத்தவனுக்கு நான் கூட்டி வாங்கிய அந்த ஸ்கேற்றும் அலமாரியில்தான் கிடந்தது. அது அவன் காலுக்கு அச்சொட்டாகப் பொருந்தி வந்த வருசம் அவன் கூடைப்பந்துக்குப் போய்விட்டான்.